மெயினை அணைத்த பிறகும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வழிகாட்டிக் குறிப்பிலிருந்து வந்தது. வீட்டில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வானலையில் பேசும் சொந்த ரேடியோ, வைத்திருப்பவர்கள் இரைச்சலைக் குறைப்பது எப்படி என்று யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். முதல் படி இது: ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் அது உங்கள் வீட்டில் இருக்கிறது. நிற்காவிட்டால் வெளியே இருக்கிறது.

அதற்குப் பிறகு இருபது படிகள் இருந்தன. நான் முதல் படியைத் தாண்டவில்லை. காதில் ஹெட்போனுடன் ஒரு பெண் மெயின் பெட்டிக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. கை பெட்டியின் மேல் இருக்கிறது. அணைத்தால் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். அதனால் அணைக்காமல் நிற்கிறாள்.

(ஹெட்போன் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. ரேடியோ மாடியில் இருக்கிறது, மெயின் பெட்டி கீழே வாசல் பக்கம். இதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். பெண்ணை வைத்துக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்.

"ஐந்து வாரமாகப் பகவதியிடம் யாரும் பேசவில்லை." பொய். அவளுடைய அண்ணன் ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து போன் செய்கிறான். ஆபீசில் டீ வாங்கி வருகிறவர் தினமும் "சீனி போட்டா, போடாமலா?" என்று கேட்கிறார்.

"தூத்துக்குடிக் கடலின் மேல் சூரியன் சாயும் நேரத்தில்" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்தினேன். சூரியன் இங்கே கடலில் சாய்வதில்லை. மில்லர்புரத்து மொட்டைமாடியிலிருந்து கடலும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிகள் தெரியும்.

"மந்திரமூர்த்திக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய ரேடியோவில் இரைச்சல்." இது மூன்று பக்கம் போனது. ஆணாக மாற்றியதற்குக் காரணம் உண்டு. பெண்ணாக எழுதினால் அது நான்தான் என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் மந்திரமூர்த்தி இரண்டாம் பக்கத்திலேயே பக்கத்து வீட்டு மணியை அடித்து, "உங்க லைட்டு என் ரேடியோவைக் கெடுக்கு, கொஞ்சம் அணைங்க" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் பக்கத்தில் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

அந்த மணியை அடிக்க முடியாத ஒருத்தி வேண்டும். ஆகவே பகவதி.

அவள் நான் இல்லை. எனக்கு மோர்ஸ் தெரியாது.

3

பகவதிக்கு இருபத்தேழு வயது. பி.எஸ்சி. இயற்பியல். ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். பெற்றோர் இல்லை. அவர்கள் கட்டிய வீடு இருக்கிறது. அதில் தனியாக இருக்கிறாள். கல்லூரியில் ஒரு கோடை விடுமுறையில் ஹாம் ரேடியோ வகுப்பு நடந்தது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். அந்த வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரில் உரிமத்தைப் புதுப்பித்தவள் அவள் மட்டும்.

அவள் மைக்கைத் தொடுவதில்லை. மோர்ஸ் மட்டும்தான். குரல் வேண்டாம். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சொல்லைத் தேட வேண்டாம். விரலை அழுத்தினால் போதும். கோடும் புள்ளியும் போகும், கோடும் புள்ளியும் வரும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நவாஸ் வருவான்.

நவாஸ் காயல்பட்டினத்துக்காரன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசர். கேப்டனிடம் அனுமதி வாங்கித் தன் சின்ன ரேடியோவைக் கப்பலில் வைத்திருக்கிறான். பதினான்கு மாதமாகச் சனிக்கிழமைகளில் பேசுகிறார்கள். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியாது. அவன் கை தெரியும். கோடுகளை ஒரு பொடி கூடுதலாக நீட்டுவான். ஆயிரம் பேர் ஒன்றாகத் தட்டினாலும் அவனை அடையாளம் கண்டுவிடுவாள்.

பேசுவது பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்னல் எப்படி இருக்கிறது, காற்று எப்படி, ஆன்டெனா எவ்வளவு உயரம். எல்லாம் ஆங்கில எழுத்தில். எப்போதாவது அதே எழுத்தில் தமிழ். ஒருமுறை அவன் "மழை?" என்று கேட்டான். அவள் "இல்லை" என்று தட்டினாள். "இங்கே உண்டு" என்றான். அந்த மூன்று வரியை அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். மோர்ஸில் ஒருவர் தன் பேச்சை முடித்ததும் கடைசியாக ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு அனுப்புவார். நான் முடித்துவிட்டேன், இனி நீ என்று அதற்குப் பொருள். அதைக் கேட்ட பிறகு பகவதிக்குத் தயக்கமே வராது. முறை வந்துவிட்டது என்று யாராவது தெளிவாகச் சொல்லிவிட்டால் அவளால் பேச முடியும்.

4

ஐந்து வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நவாஸ் சொன்னது: கப்பல் ஆப்பிரிக்காவின் அடிப்பக்கம் போகிறது. சிக்னல் மெலிந்துவிடும். ஆனாலும் சனி ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். கேள்.

அடுத்த சனிக்கிழமை அவள் ரேடியோவைப் போட்டாள். மீட்டர் ஒன்பதில் நின்றது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்களும் அதற்கு மேல் கொஞ்சம் இடமும் உள்ள மீட்டர் அது. யாரும் பேசாதபோது இரண்டிலோ மூன்றிலோ இருக்கும். ஒன்பதில் இருந்தால், அதற்குக் கீழே யார் பேசினாலும் இரைச்சல் மூடிவிடும். காதில் ஒரே ரீங்காரம், மாவு மில்லுக்குள் நிற்பதுபோல. ஆறு மணிக்குக் கேட்டாள். ஆறரை வரை கேட்டாள். ஐந்து சனிக்கிழமையும் அப்படியே.

அவன் கூப்பிடுகிறான், இவளுக்குத்தான் கேட்கவில்லையா? அல்லது அவன் கூப்பிடவே இல்லையா?

(இங்கே முத்துக்குளிப்பவர் ஒருவரை உவமையாகக் கொண்டுவரக் கை அரிக்கிறது. தூத்துக்குடி என்றால் அதை எதிர்பார்ப்பீர்கள். தரமாட்டேன்.)

மின்னஞ்சல் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவனுடைய உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியை இணையத்தில் தேடினால் முகவரி கிடைக்கும். பகவதி தேடவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வராமல் போனால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ரேடியோவில் பதில் வராவிட்டால் இரைச்சலைச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பத்தியை எழுதிய பிறகு நான் ஒரு நாள் எழுதவில்லை.

5

இரைச்சல் வந்த வாரத்தில் தெருவில் புதிதாக வந்தது ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் தன் வாசலில் மாதாவுக்கு ஒரு சிறிய கெபி கட்டி வைத்திருக்கிறாள். கல் அடுக்கிய குகை, உள்ளே மாதாவின் சுரூபம். அந்த வியாழக்கிழமை எலக்ட்ரீசியன் சிவனணைந்தபெருமாள் வந்து அந்தக் குகையைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாக எல்.இ.டி. சரம் போட்டுவிட்டுப் போனார். இரவும் பகலும் எரிகிறது. மலிவான எல்.இ.டி. சரங்களின் மின்பெட்டி ரேடியோவுக்கு எமன் என்று பகவதி படித்திருக்கிறாள்.

(அதே வியாழக்கிழமை மாலை சிவனணைந்தபெருமாள் பகவதி வீட்டுக்கும் வந்தார். அது வேறு வேலை.)

ஆனாலும் அவள் அறிவியல் படித்தவள். சந்தேகத்தின் மேல் ஒருவரைக் குற்றம் சொல்லமாட்டாள். முதல் படி, மெயின். ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ரேடியோவைக் கார் பேட்டரியில் இணைத்துவிட்டு, மீட்டரின் மேல் போன் கேமராவை ஓடவிட்டு, கீழே இறங்கி மெயின் பெட்டியின் முன் நின்றாள். வீட்டில் விளக்கு எதுவும் எரியவில்லை, மின்விசிறி ஓடவில்லை. கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு அணைத்தாள். மேலே ஓடிப்போய் வீடியோவைப் பார்த்து நோட்டில் எழுதினாள்:

"ஞாயிறு காலை 11. மெயின் ஆஃப். இரைச்சல் நிற்கவில்லை. 9-க்குச் சற்று மேலே ஏறியது. முடிவு: வெளியிலிருந்து."

ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். இரைச்சலின் மூலத்தை மோப்பம் பிடிக்க அது போதும். தெருப்பக்கம் ரீங்காரம் குறைந்தது. மிக்கேலம்மாள் வீட்டை ஒட்டிய பொதுச்சுவரின் அருகே போகப் போகக் கூடியது. சுவரில் வைத்தபோது டிரான்சிஸ்டர் கையில் அதிர்ந்தது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கெபி, நீலமும் வெள்ளையுமாக.

இனி ஒரு வேலைதான் பாக்கி. மணியை அடிப்பது.

6

அடுத்த மூன்று வாரத்தில் பகவதி செய்தவை:

லேப்டாப் அடாப்டரின் வயரை, இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் வளையத்துக்குள் ஒன்பது சுற்றுச் சுற்றினாள். மோடத்தின் அடாப்டருக்கும் அதையே செய்தாள். மாடிப்படி பல்பைக் கழற்றிப் பழைய குண்டு பல்பு போட்டாள். ஆன்டெனா கேபிளை ஒரு பி.வி.சி. குழாயில் நெருக்கமாகச் சுற்றி, ஆன்டெனாவின் அடியில் தொங்கவிட்டாள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த செம்பு இணைப்புகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாள். மின்கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து பொறி தட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு, ஒரு மழைக்குக் காத்திருந்தாள். மழை பெய்து கழுவிவிட்டுப் போனது. இரைச்சல் போகவில்லை. ஆன்டெனாவைச் சுவர்ப் பக்கத்திலிருந்து தெருப்பக்கத்துக்கு மாற்றினாள். அன்று மீட்டர் எட்டைக் காட்டியது. சந்தோஷப்பட்டு, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் கீழே வந்து தோசை சுட்டாள்.

யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டாள்.

ஞாயிறு செந்தூர்வேல் போன் செய்தான். அவளுடைய அண்ணன்.

"ஏளா, சாப்டியா?"

"சாப்டேன்."

"ஆபீசு?"

"போகுது."

"கரண்டு கட்டு உண்டா அங்கன? இன்வர்ட்டரு நல்லா ஓடுதா? ராத்திரி கரண்டு போனா நீ ஒத்தையில இருட்டுல கெடப்பியேன்னுதான் பெருசா பாத்து வாங்கிப் போடச் சொன்னேன்."

"நல்லா ஓடுதுண்ணா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

 அவன் போனை வைத்தான்.

7

இந்த இடத்தில் நவாஸின் பக்கத்தையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"நவாஸ் மேல்தட்டில் ஆன்டெனாவைக் கட்டினான். அலை"

அவ்வளவுதான் வந்தது. நான் கப்பலில் ஏறியதில்லை. அது மட்டும் காரணமில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்று நான் எழுதிவிட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும், பகவதிக்குத் தெரியாது. அவளைவிடக் கூடுதலாக நாம் தெரிந்துகொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படி எழுதி முடித்த அதே வாரம் ஒன்று நடந்தது. மாலையில் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கரண்ட் போனது. என் மேசை விளக்கு ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தேன்.

மெயினை அணைத்தால் வீட்டில் எல்லாம் நின்றுவிடும் என்று அந்தக் குறிப்பை எழுதியவர் நினைத்திருக்கிறார். அவர் ஊரில் நின்றுவிடும். நம் வீடுகளில் மெயின் போன அடுத்த நொடி இன்வர்ட்டர் விழித்துக்கொள்ளும். மெயின் இருக்கும்போது பேட்டரியை நிரப்பிக்கொண்டு முனகும். மெயின் போனால் முழு மூச்சோடு ஓடும்.

ஐந்தாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். "9-க்குச் சற்று மேலே ஏறியது." அதை நான்தான் எழுதினேன், ஏதோ ஒரு துல்லியத்துக்காக. ஏன் ஏறியது என்று அப்போது யோசிக்கவில்லை. அதுவரை என் கதையில் கெபி விளக்குதான் குற்றவாளி.

தவறு என்னுடையது. அதைப் பகவதிக்குக் கொடுத்துவிட்டேன். சிவனணைந்தபெருமாள் அந்த வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்கு வந்தது இன்வர்ட்டர் மாட்ட. மாட்டிய இடம் ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமின் பின்சுவர்தான் அந்தப் பொதுச்சுவர். (ஐந்தாம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த வரியை இன்றுதான் சேர்த்தேன். மன்னிக்கவும்.)

பகவதியிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவாள். அவள் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, தெரியும். ஆனாலும் போக வேண்டும்.

8

வெள்ளிக்கிழமை மாலை, ஆபீசிலிருந்து வந்த சேலையோடு, டிரான்சிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு மணியை அடித்தாள். மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தாள்.

கதவு திறந்தது. மிக்கேலம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"யாரு, பகவதியா? என்னளா அதிசயம், வீடு மாறி வந்துட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன உள்ள வா. வாசல்லயே நிக்கித, கொரியர்க்காரன் மாதிரி."

முதல் வாக்கியம் மறந்துவிட்டது. இரண்டாவது நேராக வந்தது. "அந்த லைட்ட ரெண்டு நிமிசம் அணைக்க முடியுமாக்கா?"

"மாதா லைட்டயா?"

"ஆமாக்கா. என் ரேடியோல இரைச்சல் வருது. இதுலயா இல்லையான்னு பாக்கணும்."

மிக்கேலம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கெபியைப் பார்த்தாள். போய்க் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். நீலமும் வெள்ளையும் அணைந்தன. பகல் வெளிச்சத்தில் சுரூபம் சிறியதாகத் தெரிந்தது.

"கேளு."

பகவதி டிரான்சிஸ்டரைப் போட்டாள். ரீங்காரம் அப்படியே இருந்தது.

"நிக்கலையேளா."

"நிக்கலக்கா."

"அப்ப மாதா மேல குத்தமில்ல." மிக்கேலம்மாள் பிளக்கைச் செருகிவிட்டு அவசரமாகச் சிலுவைக் குறி போட்டாள். "அவுக தோணி ஏறுன அன்னைக்குப் போட்டது. வார வரைக்கும் அணைக்கப்படாதுன்னு நேந்திருந்தேன்."

அவுக என்றது அவள் கணவன் சிலுவையை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை. பகவதிக்குக் காது சுட்டது.

"சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேங்க்கா."

"ஏழு வருசமா பக்கத்துல இருக்க. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்ட. அதுக்கும் இல்லன்னா எப்படி? விடு. மாதா ரெண்டு நிமிசம் கண்ணசந்தா கடல் வத்திராது."

(இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போயிருப்பது, நவாஸும் சிலுவையும், கதைக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. எனக்கே தெரிகிறது. மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் சரவிளக்கு வேறு வாரத்துக்குப் போய்விடுகிறது. விட்டுவிட்டேன்.)

"ஆமா, யாரக் கேக்கதுக்கு இந்தப் பாடு?"

"ஒரு ஆளுக்கா. கப்பல்ல இருக்காரு."

"உனக்கு யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஆளுக்காளா மாடி முழுக்க வயரு கட்டி வச்சிருக்க?"

பகவதி சிரித்துவிட்டாள். தன் சிரிப்பின் ஒலி அவளுக்கே கொஞ்சம் புதிதாக இருந்தது.

"அஞ்சு வாரமா கேக்கல. அவரு கூப்பிடலையா, எனக்குத்தான் கேக்கலையான்னு தெரியல."

"இங்கயும் அதே கூத்துதான். தோணி இஞ்சினு கெட்டுப் போய் அங்கன நிக்கின்னு சொன்னாவ. ஆபீசுக்கு ஒரு போனு போட்டா எங்கன நிக்கி, எப்ப வாராவன்னு சொல்லிருவான். நான் போடல."

"ஏங்க்கா?"

"போட்டா தெரிஞ்சிருமில்லா."

குசினியில் எண்ணெய் காயும் வாசம் வந்தது. மிக்கேலம்மாள் உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். டிரான்சிஸ்டரை அவளே வாங்கிக்கொண்டாள். கெபியின் அருகே வைத்தாள், வாசலில் வைத்தாள், பொதுச்சுவரில் வைத்தாள். சுவரில்தான் அலறியது.

"ஏளா, இது எங்க பக்கமில்ல. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன கெடக்கு?"

"ஸ்டோர் ரூமு."

"அதுல?"

பகவதி சுவரில் கையை வைத்தாள்.

"அந்தப் பெட்டி அங்கனதான வச்சிருக்க? அது வந்ததுலருந்து கரண்டு போனா தெருவே இருட்டு, உன் வீடு மட்டும் கல்யாண வீடு. உள்ள ஒத்த ஆளு."

பகவதி நோட்டில் எழுதியதை நினைத்துப் பார்த்தாள். சற்று மேலே ஏறியது. மெயினை அணைத்தபோது கீழே நின்றிருந்தாள். ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எழுந்த முனகல் அவளுக்குக் கேட்கவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு அத அணைச்சுட்டுக் கேக்கணும்," என்றாள்.

"கேளேன்."

"அதுக்கப்புறமும் வரலன்னா?"

மிக்கேலம்மாள் டிரான்சிஸ்டரை அணைத்தாள். ரீங்காரம் நின்றதும் தெரு திடீரென்று பெரியதாகிவிட்டது போலிருந்தது. 

"ஆறு மணிக்கு ரெண்டு நிமிசம் இருக்கையில பயந்துக்கிட்டுத் திரும்பப் போட்டுருவ," என்றாள் மிக்கேலம்மாள். "எனக்குத் தெரியும். நான் தினம் போன எடுத்து எடுத்து வைக்கேன். அந்தப் பெட்டி வயரக் கழத்த என்ன வேணும்?"

"ஸ்பேனர். எலக்ட்ரீசியன் அண்ணாச்சி விட்டுட்டுப் போனது இருக்கு."

"கழத்திட்டு ஸ்பேனர எங்கிட்ட கொண்டா. ஆறரைக்கு வந்து வாங்கிக்க."

9

சனிக்கிழமை. மாலை ஐந்து நாற்பது. மெயினை அணைத்தாள். இன்வர்ட்டரை அணைத்தாள். பேட்டரி முனையின் நட்டைக் கழற்றி வயரைத் தனியாக எடுத்து வைத்தாள். ஸ்பேனரைச் சுவருக்கு மேலாக நீட்டினாள். மறுபக்கம் ஒரு ஈரக்கை அதை வாங்கிக்கொண்டது.

மாடிக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கார் பேட்டரியில் ரேடியோவைப் போட்டாள்.

மீட்டர் ஒன்றைத் தொட்டு, இரண்டில் நின்றது.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அமைதியைக் கேட்டாள். அது வெறுமையாக இல்லை. அடியில் மெல்லிய உமிச் சத்தம், வானத்தினுடையது. அதற்கு மேல் எங்கெங்கோ இருப்பவர்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் யாரையோ அழைத்தார். வேகமாகத் தட்டுகிற ஒருவர் வந்து போனார். குரல் மங்கி மங்கித் திரும்பி வருவதுபோல ஒன்று, அடையாளம் தெரியவில்லை. இத்தனை பேரும் ஐந்து வாரமாக இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய அலைவரிசைக்கு வந்தாள். அவளுடையதும் நவாஸினுடையதும். ஐந்து ஐம்பத்தெட்டு.

10

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) ஆறு மணிக்கு அவன் வருகிறான். மிக மெலிதாக, கோடுகளை ஒரு பொடி நீட்டி. இதை ஒரே மூச்சில் எழுதினேன். மறுநாள் படித்தபோது இனிப்புக் கடையில் விற்பது போலிருந்தது.

ஆ) வரவில்லை. ஆறரைக்கு அவள் ஹெட்போனைக் கழற்றுகிறாள். இது உண்மையாக இருக்கலாம். நவாஸ் கூப்பிடவில்லை என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி அவளுக்குப் பதினான்கு மாதம். கை வரவில்லை.

இ) ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அவள் கீழே ஓடிப்போய் இன்வர்ட்டரை மறுபடியும் போட்டுவிடுகிறாள். இரைச்சல் ஒன்பதுக்கு ஏறுகிறது. இனி அவன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான், இவளுக்குத்தான் கேட்கவில்லை. இந்த முடிவைப் பார்த்துத்தான் நான் மிகவும் பயந்தேன். அவளிடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவேதான் ஸ்பேனரை மிக்கேலம்மாளிடம் கொடுக்கச் செய்தேன். அந்த யோசனை மிக்கேலம்மாளுடையது என்று எழுதியிருக்கிறேன். அவள் அதற்குப் பொருத்தமானவள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். மீதம் இருப்பது ஒன்றுதான்: எது நடந்தாலும் ஆறரைக்கு அவள் பக்கத்து வீட்டுக்குப் போயாக வேண்டும். ஸ்பேனர் அங்கே இருக்கிறது.

11

ஆறு மணி.

பகவதி முதலில் கூப்பிடுகிறாள். எப்போதும் நவாஸ்தான் முதலில் கூப்பிடுவான். இன்று அவளுக்கு அதற்குப் பொறுமை இல்லை. அவனுடைய அழைப்புக்குறியைத் தட்டுகிறாள், தன்னுடையதைத் தட்டுகிறாள். பிறகு, வழக்கமாகக் கேட்பதில் இல்லாத ஒன்றை, ஆங்கில எழுத்தில், தமிழில் தட்டுகிறாள்: "மழை?"

கீழே சுவருக்கு அந்தப் பக்கம் மிக்கேலம்மாள் நிற்கிறாள். ஒரு கையில் ஸ்பேனர். மாடியை அண்ணாந்து பார்த்து, "ஏளா பகவதி, கேக்குதாளா?" என்று கத்துகிறாள். எனக்குக் கேட்கிறது. உங்களுக்கும் கேட்கிறது. ஹெட்போன் மாட்டியிருக்கும் பகவதிக்குக் கேட்கவில்லை.

அவள் விரல் 'இனி நீ' என்னும் கடைசி மூன்று அசைவுகளுக்குப் போகிறது. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. மெயினை அணைத்தாயிற்று, மற்றதையும் அணைத்தாயிற்று. மீட்டர் இரண்டில் இருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

— · —